அணைத்து வைத்த பெட்டி

நண்பா,

நேற்று உன் மனைவி மில் கேட்டுக்கு வந்திருந்தார். தொப்பம்பட்டியிலிருந்து பஸ் மாறி வேடசந்தூர் வந்து, வாட்ச்மேனிடம் என் பெயரைச் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

"அவரு பீரோவ ஒழிச்சேனுங்கண்ணா. இதுல உங்க பேரு எழுதியிருந்துச்சுங்க. அதான் கொண்டாந்தேன்."

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

பைக்குள் இருந்தது என் பீக்கன், பனிமலையில் நெஞ்சில் கட்டிக்கொள்கிற கருவி. சோப்பு டப்பா அளவில் அந்த மஞ்சள் பெட்டி. அதன் வாரில் என் பழைய வியர்வையும் உன் பீரோவின் அந்துருண்டையும் கலந்து ஒரு வாசனை. பேட்டரி மூன்றையும் கழற்றி, ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்திருந்தாய். பெட்டியைச் சுற்றி ஒரு துண்டுச் சீட்டு, கறுப்பு டேப் ஒட்டி. மேலே என் பெயர், உள்பக்கம் மூன்று வரி. அதைப் பிறகு சொல்கிறேன். எழுதியவன் நீ, உனக்குத் தெரிந்ததுதான்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. நெஞ்சுவலி என்று ஒட்டன்சத்திரத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். பனிமலை உச்சியிலிருந்து அத்தனை வருஷம் சறுக்கியவன் சமதரையில் போய்ச் சேர்ந்தாய். நான் வந்தேன், மாலை போட்டேன். என் மனைவி வரவில்லை. ஏன் வரவில்லை என்று உன் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நீ எங்கள் மில்லுக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்தபோது நான் அங்கே எலெக்ட்ரீஷியன். கேன்டீனில் உன் போனில் ஒரு வீடியோ காட்டினாய். காலில் இரண்டு பட்டைகளை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் வெள்ளைப் பனிச் சரிவில் புழுதி கிளப்பிக்கொண்டு இறங்குகிறான். அது நீதான் என்று நம்பவே எனக்கு ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் பிடித்தது. "பஞ்சு மாதிரியில்ல இருக்கு" என்றேன். "பஞ்சுல உளுந்தா எந்திரிச்சுக்கலாம்ப்பா. இது வேற" என்றாய்.

நாற்பது வயதுக்கு மேல் ஸ்கீ கற்றுக்கொண்ட வேடசந்தூர்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வருஷம்தோறும் தை மாதம் காஷ்மீருக்குக் கூட்டிப்போவாய். முதல் இரண்டு வருஷமும் நான் அங்கே சறுக்கியதைவிட உட்கார்ந்ததுதான் அதிகம். நம்மோடு வந்த ஸ்பின்னிங் சூப்பர்வைசர் ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்து, ஒரே பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு, விழுந்தால் எழுந்திருக்க ஆள் தேடினார்.

மூன்றாவது வருஷம்தான் கயிற்றுக்கு வெளியே கூட்டிப்போனாய். அந்த ஊர் ஏற்பாடு எனக்கு முதலில் புரியவே இல்லை. ரோப் கார் உச்சியில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இறங்க, மெஷினால் அழுத்திச் சமப்படுத்திய தடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கயிறு. ஓரிடத்தில் மட்டும் கயிறு இல்லாமல் ஒரு வாசல் விட்டிருப்பார்கள். பக்கத்தில் பலகை: இதற்கு மேல் உங்கள் பொறுப்பு. அதிகாலையில் மலையைச் சோதித்து வருகிறவர்கள் இன்று போகலாமா கூடாதா என்று எழுதிவைப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் தடுக்க மாட்டார்கள். "பட்டாளத்துல எல்லாத்துக்கும் உத்தரவு வேணும். இங்க உத்தரவே இல்ல. அதனாலதான் ரெண்டு மடங்கு பயப்படோணும்" என்பாய்.

அதற்காகத்தான் பீக்கன். பனி சரிந்து ஆளை மூடிவிட்டால் எங்கே புதைந்திருக்கிறான் என்று வெளியே தெரியாது. நெஞ்சில் கட்டிய பெட்டி சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தால், மற்றவர்கள் தங்கள் பெட்டியின் சுவிட்சைத் தேடும் பக்கம் திருப்பி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து தோண்டலாம். நீ எங்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் மில்லின் கழிவுப் பஞ்சு குடோன். ஒரு பெட்டியைப் பஞ்சு மலைக்குள் புதைத்துவிட்டு, "தேடுங்க" என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். தலையெல்லாம் பஞ்சாக நானும் சூப்பர்வைசரும் முழங்காலில் தவழ்ந்தோம். மில்லில் பாம் வைத்துவிட்டார்கள் என்று ஷிப்டு முழுக்கப் பேச்சு.

அந்தக் கயிற்று வாசலில் உனக்கு ஒரு வழக்கம் உண்டு. உன் பெட்டியைத் தேடும் பக்கம் திருப்பிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாய். நாங்கள் ஒவ்வொருவராக உன் முன்னால் கடக்க வேண்டும். உன் கையில் 'பீப்' என்று கேட்டால், "ஓடுது, போ" என்பாய். அந்த இரண்டு வார்த்தை கேட்காமல் யாரும் வெளியே காலெடுத்து வைத்ததில்லை.

என் வழக்கம் வேறு. ஆள் இல்லாத இடத்தில் ஃபேன் ஓடினால் என் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். மில் முழுக்க 'தேவையில்லாதபோது அணைக்கவும்' என்று எழுதி ஒட்டியவனே நான்தான். என் மனைவி குழம்பைக் கிண்டத் திரும்பினால் அதற்குள் சமையலறை லைட்டை அணைத்திருப்பேன்.

நான்காவது வருஷம். காலையில் வாசலில் "ஓடுது, போ" சொன்னாய். மரங்களுக்கு நடுவே பாதி மலை இறங்கி, ஆடு மேய்க்கிறவர்களின் காலிக் கொட்டகையில் பிளாஸ்க்கைத் திறந்தோம். முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்திருப்போம். நீ சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். நான் ஜாக்கெட்டைத் தளர்த்தும்போது பெட்டி மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று நீதான் சொல்லியிருந்தாய். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எதற்கு ஓட வேண்டும் என்று கை அணைத்தது. புத்தியைக் கேட்கவில்லை. கிளம்பும்போது திரும்பப் போட மறந்தேன்.

அடுத்த சரிவில் நீ முதலில் இறங்கிக் கீழே ஒதுங்கி நின்றாய். பிறகு சூப்பர்வைசர். நான் சரிவின் நடுவில் வரும்போது காலுக்குக் கீழே தரை பாளமாக உடைந்து என்னையும் தூக்கிக்கொண்டு போனது. நின்றதும் இறுகிவிட்டது. பஞ்சு இல்லை, சிமெண்ட். விரல்கூட அசையவில்லை. நீ என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் அணைத்தது ஞாபகம் வந்தது.

உன் பெட்டியில் சத்தமே வரவில்லை. காப்பாற்றியது துணி. குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ள என் மனைவி அவளுடைய பழைய சிவப்புச் சுங்குடிப் புடவையைக் கிழித்துக் கொடுத்திருந்தாள். சின்னாளப்பட்டியில் அவளுடைய அப்பா தறியில் நெய்த புடவை. அதன் நுனி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு தோண்டினாய். முகம் வெளியே வந்ததும், மூச்சுக்கு இடம் வேண்டும் என்று என் ஜாக்கெட்டைக் கிழிக்காத குறையாகத் திறந்தவன் நீதான். அதை நான் நேற்றுவரை யோசிக்கவில்லை.

கொஞ்சம் தெளிந்தபின் சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டாய். "ஏப்பா, பெட்டி ஓடிட்டுத்தான இருந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். சுவிட்சுதான் என் தொழில், அந்தச் சுவிட்சில் போய்த் தப்பு செய்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. நீ என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தாய். பிறகு சூப்பர்வைசரிடம், "மிசின் பழுதா இருக்கும். நாந்தான் காத்தால சரியாக் கேக்கல போல" என்றாய். டெஸ்ட் பண்ணித் தருகிறேன் என்று பெட்டியை வாங்கிக்கொண்டாய். நீ திருப்பித் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தாய். என் மனைவி உன்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "எம் புடவ காப்பாத்துச்சு. நீங்க கூட்டிட்டுப் போயிக் கொல்லப் பாத்தீங்க. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க." நீ தலையை ஆட்டினாய். "தப்பு எம்மேலதாங்க. நாந்தான் பாத்திருக்கோணும்" என்றாய். உள்ளே கட்டிலில் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுந்து நாலு எட்டு வைத்தால் வாசல். நான் எழுந்திருக்கவில்லை. பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு நீ யாரையும் மலைக்குக் கூட்டிப்போகவில்லை, நீயும் போகவில்லை. தப்பு உன்மேல்தான் என்று சூப்பர்வைசர் மில் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். ஆறே மாதத்தில் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை தேடிக்கொண்டாய். கல்யாணங்களில் பார்த்தால் மழை, பிள்ளைகள் படிப்பு என்று பேசுவோம். பேச்சு தீர்ந்ததும் நீ ஒரு நிமிஷம் சும்மா நிற்பாய். நான் பந்திக்கு நேரமாச்சு என்று நகர்ந்துவிடுவேன்.

இனி சீட்டு. உன் கோழிக்கிறுக்கல் எழுத்து:

'வேலை செய்யுது.
அணைச்சிருந்துது.
கேக்க வேண்டாம்.'

ஜாக்கெட்டைத் திறந்தபோதே பெட்டி அணைந்திருந்ததைப் பார்த்திருக்கிறாய். தெரிந்துகொண்டேதான் "ஓடிட்டுத்தான இருந்துச்சு" என்று கேட்டாய், நானே சொல்லட்டும் என்று. தெரிந்துகொண்டேதான் என் வாசலில் ஏச்சு வாங்கினாய். நான்கு வருஷம், கல்யாண மண்டபங்களில், அந்த ஒரு நிமிஷம் எனக்காகத்தான் நின்றிருக்கிறாய். நான் பந்திக்குப் போய்விட்டேன்.

நேற்றே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சீட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "நீங்க அங்கயே போய்ச் சேர்ந்திருந்தாக்கூட எனக்கு இம்புட்டு வலிச்சிருக்காது" என்றாள். அப்புறம், "வெயில்ல வந்த மனுசன். ஒரு வாய்த் தண்ணி குடுக்கலியே நான்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

இன்று காலை இரண்டு பேரும் தொப்பம்பட்டிக்கு வந்தோம். பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். உன் வீட்டுப் படியில் நின்றதும், மன்னிப்பு, விளக்கம் எதுவும் சொல்லாமல் உன் மனைவியிடம் அவள் முதலில் கேட்டது, "கொஞ்சம் தண்ணி குடும்மா." சொம்பை வாங்கி நின்றபடியே முழுவதும் குடித்தாள். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உன் மனைவி உன் போட்டோவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அவரு இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்கண்ணா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் புது பேட்டரி போட்டேன். இப்போது இதை எழுதுகிற மேஜையில் அது மின்னிக்கொண்டிருக்கிறது. சும்மா ஓடுகிறதே என்று இதற்குள் நாலைந்து தடவை கை போய்விட்டது. அணைக்கவில்லை. பேட்டரி தீரும்வரை ஓடட்டும். எதிரே நின்று கேட்டு, "ஓடுது, போ" என்று சொல்லத்தான் நீ இல்லை.