மிதக்கும் அரிசி

பிள்ளைப்பாக்கம்

அன்புள்ள மகன் சுபாஷுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கேயும் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, முழுக்க அப்படி எழுத முடியவில்லை. போனில் சொன்னால் சசிகலா காதில் விழும், அதனால்தான் கடிதம். உன் பெண்டாட்டிக்கு ரத்தம் குறைவு என்று செக்கப்பில் சொல்லிவிட்டார்கள், ஆறாம் மாதத்தில் இப்படி இருக்கக் கூடாதாம்.

ரேஷன் அரிசியைக் களைந்தால் கொஞ்சம் மேலே மிதக்கிறது, நிறமும் வேறு மாதிரி. பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று தெருவே பேசியது. வயிற்றுப் பிள்ளைக்காரி தின்கிற சோறாயிற்றே என்று நான் முறத்தில் போட்டு அதையெல்லாம் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவந்தேன். மாடி ரூமில் குடியிருக்கும் தென்காசிப் பையன் இசக்கிபாண்டி, "ஏ யம்மா, பிளாஸ்டிக்குன்னா உங்க கோழி இந்நேரம் பொம்மைக்கோழியால்லா ஆயிருக்கும்" என்று கேலி பண்ணினான். நர்ஸ் ஞானம்மா வந்தபோதும் முறம் என் மடியில்தான் இருந்தது. "இன்னாம்மா நீ, கவர்மெண்டே கலந்து குடுக்கற சத்து அரிசியப் போய் பொறுக்கிக்கினு கீற? இரும்புச் சத்தே அதுலதான் கீது. கோழிக்கு ரத்தம் ஏறுது, மருமவளுக்கு எறங்குது" என்று வாசலில் நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டாள். அவள் கொடுத்த மாத்திரையை அட்டையில் தேதி பார்த்துவிட்டுத்தான் சசிகலாவுக்குத் தருகிறேன்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நல்லதென்றால் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை? ரேஷன் கடைக்காரரைக் கேட்டால் "மேலேர்ந்து வருது, போட்றேன்" என்கிறார். நிலம் வாங்க வந்தவர்களும் உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்கள், உன் அப்பா தலையாட்டினார், இப்போது அதே இடத்தில் கம்பெனி கேட்டுக்கு வாட்ச்மேனாக நிற்கிறார். அன்று நம் நிலத்து அரிசியில் கல் கிடந்தால் எந்தக் களத்துக் கல் என்று எனக்குத் தெரியும், இந்த மூட்டை எங்கிருந்து வருகிறதென்று யாருக்குத் தெரியும்? சசிகலாவும் லேசுப்பட்டவள் இல்லை. வேலை விட்டு வந்து, கம்பெனி கேண்டீனிலேயே சாப்பிட்டேன் அத்தை என்கிறாள், பையைப் பார்த்தால் பன் கவர்தான் இருக்கிறது. முட்டை அவித்துக் கொடுத்தால், மாடி ரூம் பையன்களுக்கு விற்றால் கேஸ் சிலிண்டருக்காவது ஆகும் என்று தள்ளி வைக்கிறாள்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். நேற்றிலிருந்து பொறுக்காத அரிசியைத் தனிக் குண்டானில் ஆக்கி நான் மட்டும் சாப்பிடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால்தான் அது அவள் தட்டுக்குப் போகும். அவளிடமும் அப்பாவிடமும் மூச்சு விடாதே. தினம் போனில் அவளிடம் முட்டை சாப்பிட்டாயா என்று மட்டும் கேள், நீ கேட்டால் சாப்பிடுவாள். நீயும் கண்ட கடையில் சாப்பிடாதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க, நீ நிறைந்த ஆயுசோடு இருக்க, எல்லையம்மன் காக்கட்டும்.

இது கையில் கிடைத்ததும் முதலில் எனக்குப் போன் போடு. நான் எடுத்துப் பேசினால் அரிசி நல்ல அரிசிதான் என்று வைத்துக்கொள்.

உன் அம்மா,
செங்கமலம்