சத்தம் இடது பக்கம்

கார் சாவியில் ஒட்டிய கிரீஸ் வாசனை, இரண்டு முறை சோப்புப் போட்டுத் துடைத்தும் போகவில்லை. பட்டறைக்குப் போய்வந்து ஒரு வாரமாகிறது. மேசை மேல் கிடக்கும் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் உங்களோடு சண்டை போட வாய் துடிக்கிறது. சண்டைக்கு நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காரை விற்றுவிடச் சொல்லி மகள் பெங்களூரிலிருந்து வாராவாரம் போன் செய்துகொண்டிருந்தாள். “அப்பாவும் இல்ல, நீயும் ஓட்டறதில்ல. வூட்டு முன்னாடி நின்னு துருப் புடிக்குது.” சரியென்று ஒருவரை வரச் சொன்னேன். அவர் தருமபுரி சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “முன்னாடி சக்கரத்துல சத்தம் வருதுங்க. சரி பண்ணிட்டுச் சொல்லுங்க” என்று சாவியை என்னிடமே நீட்டிவிட்டார். அந்தச் சத்தம்தான். நீங்கள் போன பிறகும் போகாத சத்தம்.

முனிராஜ் என்று ஒரு மெக்கானிக்கைப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவர் வீட்டுக்கே வந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். வேகம் நாற்பதைத் தாண்டியதும் ஊங்ங் என்று ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் வளைத்தார், சத்தம் ஏறியது. இடப்பக்கம் வளைத்தார், தணிந்தது.

“வலது பக்கம் திருப்பினா வண்டியோட கனம் இடது பக்கம் சாயுதுங்க. அப்ப சத்தம் ஏறுதுன்னா இடது பேரிங்கு.”

“அதை மூணு தடவை மாத்தியாச்சுங்க” என்றேன்.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். “மூணு தடவையா? அப்பக் கோளாறு பேரிங்குல இல்லைங்க, டீச்சர். வேற ஒண்ணு பேரிங்கத் தின்னுது. இந்தப் பக்கம் எப்பவாச்சும் அடி கிடி பட்டுச்சுங்களா?”

அதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. மூன்று வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில். “நான்தாங்க. பள்ளிக்கூட கேட்டுல ஒரு கல்லு மேல ஏத்திட்டேன்.”

“எந்தச் சக்கரங்க?”

“வலது.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சத்தம் இடதுங்களே.”

எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஒரு படி விட்டுப்போனால் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கிறவள். வலமா இடமா என்று மூன்று வருஷமாக ஒரு தடவைகூட என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் தெரியுமா? நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதால்.

நான் கல் மேல் ஏற்றிய அந்த வாரம் நீங்கள் நம் கடைக்குச் சாமை வாங்க உங்கள் சிநேகிதர் மாதையனோடு சித்தேரி மலைக்குப் போயிருந்தீர்கள், என் காரில். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். “பஞ்சரு. ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல” என்றீர்கள். இரண்டு நாள் கழித்துக் கார் வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டேன். அன்று சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டு நான்தான் கேட்டேன்: “ஏங்க, போன வாரம் கேட்டுல கல்லு மேல ஏத்தினனே, அதனால இருக்குமோ?”

நீங்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, “இருக்கும்” என்றீர்கள்.

அந்த ஒற்றைச் சொல்லை இந்த ஒரு வாரமாக எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நானாகப் பழியைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் அதை எடுத்து என் மேலேயே போர்த்திவிட்டீர்கள்.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! நான் ஓட்ட, நீங்கள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கேட்பீர்கள். “இன்னும் கொஞ்சம் வேகமா போ. இப்ப மெதுவா.” முன் டயரைப் பின்னால் மாற்றிப் பார்த்தீர்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தீர்கள். நானும் டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்று மெக்கானிக்குகளிடம் போனோம். சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னீர்கள். மூன்றாவது ஆள் சலித்துக்கொண்டபோது, “மேடம் ஓட்டற வண்டிங்க. பேரிங்கு எங்க தாங்கும்?” என்றீர்கள். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதுதான் இப்போது எரிகிறது.

அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டியவள் பிறகு வண்டியை ஓட்டவே இல்லை. இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போனேன். நீங்கள் ஏனென்று கேட்கவில்லை.

நாற்பத்து மூன்று வயதில் நான் கார் பழகியபோது ஊரே கேலி பேசியது. “நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். கொடுத்ததும் நீங்கள், பிடுங்கியதும் நீங்கள் என்றால் நான் யாரிடம் போய் நிற்பது?

அந்தக் காலையைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். சட்டை நனைந்துவிட்டது. நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். “வேணாம், உன்னால முடியாது. ஆம்புலன்சுக்குப் போன் போடு” என்றீர்கள். நான் நம்பினேன். என்னால் முடியாது என்பதை அதற்குள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கார் வாசலில் நின்றது. “முன்னாடியே வந்திருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘சொல்ல முடியாது’ என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

முனிராஜ் தன் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். அடியில் இருக்கும் தண்டு வலது பக்கம் பழசு, இடது பக்கம் புதுசு. “இத மாத்தியிருக்காங்க. ஆனா பேரிங்கு உக்கார்ற இரும்பு கோணியிருக்குது, அத அப்படியே வுட்டுட்டாங்க. எத்தன பேரிங்கு போட்டாலும் கோணலாத்தான் உக்காரும். மொத தடவையே அடிபட்டதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குங்க.”

அங்கிருந்து நேராக மாதையன் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் எழுந்து நின்றுவிட்டார். சித்தேரி ஏற்றத்தில் ஒரு வளைவு, எதிரே பஸ், நீங்கள் ஒதுங்கியதில் சக்கரம் பாறையில் மோதியதாம். வண்டியை அரூரில் ஒரு பட்டறையில் விட்டுச் சரி பண்ணினீர்களாம்.

“அவ ஆசயா வாங்குன வண்டி, எப்பிடிச் சொல்றதுன்னாருங்க அண்ணி. ரெண்டு நாளு போவட்டும், சொல்றேன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் நீங்களே ஒரு காரணஞ் சொன்னீங்களாம்.” அவர் தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்குப் பயந்தா என் கையையே முடக்கிப் போட்டீர்கள்?

செத்தவர் மேல் கோபப்படக் கூடாது, மன்னித்துவிடு என்கிறாள் மகள். மன்னிப்பை நீங்கள் கேட்கவே இல்லையே. கேட்காததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? உங்கள் திதிக்குப் பிடித்ததெல்லாம் சமைப்பேன். அழுகை வந்தால் அழுவேன். ஆனால் யாராவது “அவர் கை பட்ட வண்டியில ஒரு கீறல் உண்டா” என்று ஆரம்பித்தால், அத்தனை பேர் முன்னாலும் பாறையைப் பற்றிச் சொல்வேன்.

காரை விற்கவில்லை. கோணிய இரும்பை முனிராஜிடம் மாற்றி வாங்கி, நேற்று நானே சித்தேரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முதல் இரண்டு வளைவிலும் இன்ஜின் அணைந்துவிட்டது. மாதையன் சொன்ன இடத்தில் இறங்கிப் பார்த்தேன். எந்தப் பாறை என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. உங்களை வாயார நான்கு வார்த்தை திட்டினேன்.

திரும்பும்போது இறக்கம் முழுக்க இரண்டாவது கியரிலேயே வந்தேன். மலையிறங்கும்போது பிரேக்கை நம்பாதே, கியரை நம்பு என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். அது பொய்யில்லை.