பன்னிரண்டும் ஒன்றும்

மார்ச் 4, 2011

மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. தட்டச்சுக்கு வந்தவர்கள் வாசலில் விசிறிக்கொண்டு நிற்கிறார்கள். என் புருஷன் எலிகெம் கல்லாவில், புதிதாகச் சேர்த்துக்கொண்ட பெர்பெச்சுவாவோடு உட்கார்ந்து வறுத்த வாழைக்காய் தின்றான். என் கண்ணெதிரே. எனக்கும் ஒரு துண்டு நீட்டினான் வேறு!

இந்தக் கம்ப்யூட்டர் கடையை யார் கட்டினது? டெமா துறைமுகத்தில் வெள்ளைக்காரன் கழித்துப்போட்ட சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகளாகப் பொறுக்கி, பஸ் கூரையில் ஏற்றி எங்கள் ஊர் ஹோ வரை கொண்டுவந்தவள் நான். பன்னிரண்டு பெட்டி. எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பின்னறையில் துணி போர்த்திய கறுப்புப் பெட்டிதான் சர்வர். அதில் லினக்ஸ் மென்பொருளைப் போட்டேன். பன்னிரண்டும் காலையில் கண் விழிப்பது அதைக் கேட்டுத்தான். இதை எலிகெமிடம் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! 'ம்' என்பான். அவனுக்குத் தெரிந்த ஒரே பெட்டி கல்லாப்பெட்டி.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு விவாகரத்து, சொத்துப் பிரிவினை. கடை அவன் பேரில் இருக்கிறது. மெஷின் எல்லாம் தனக்குத்தான் என்று இப்போதே சந்தை முழுக்கச் சொல்லித் திரிகிறான். அந்தப் பன்னிரண்டும் எனக்குத் திரும்ப வரணும். அவன் கையாலேயே வரணும்.

மார்ச் 12

முடிந்தது. அவன் பெரியப்பா அமெவோர்தான் தலைமை. கல்யாணத்துக்கு வாங்கிய மதுப்புட்டிகளை எங்கள் வீட்டார் திருப்பி வைத்தார்கள். அதோடு நான் அவன் மனைவி இல்லை. பிறகு கடைப் பேச்சு.

திரை உள்ளதெல்லாம் தனக்கு வேண்டுமென்றான். வாடிக்கையாளர்கள் அவன் முகத்துக்காகத்தான் வருகிறார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நடிப்புக்கே எனக்கு ஒரு பரிசு தரலாம்.

"பின்னறைல இருக்கிற பழைய கறுப்புப் பெட்டி மட்டும் குடுங்க பெரியப்பா. மடியில வச்சுக் கொண்டுவந்தது. எனக்கு அது போதும்."

எலிகெம் சிரித்தான். "எடுத்துக்கோ. மேல போர்த்தின துணியும் உனக்குத்தான்."

பேராசை இல்லாத பெண் என்று கிழவர் மெச்சினார். எலிகெம்தான் அவசரப்படுத்தினான். இப்போதே ஜின் ஊற்றி முடித்துவிடுங்கள், அப்புறம் இவள் மாற்றிப் பேசுவாள் என்றான். தரையில் ஜின்னை ஊற்றி முன்னோரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஊற்றினால் தீர்ந்தது. அந்தப் பிரிவினையை அப்புறம் யாரும் தொட முடியாது.

மார்ச் 13

பெட்டி இப்போது என் கட்டில் பக்கத்தில். அண்ணன் கொடுத்த பழைய திரையை மாட்டினேன். ஊரார் கோப்புகளெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பெயரை அடித்தால் திறக்கிற எலிகெமின் கணக்கும் இருக்கிறது. செத்துப்போன அவன் அம்மாவின் படங்கள் முழுக்க அதில்தான், வேறெங்கும் இல்லை. ஒரு வரி அடித்தால் எல்லாம் போச்சு.

அழிக்கட்டுமா? இன்றைக்கு வேண்டாம். அது என் கையில் இருக்கிறது என்பதே ருசியாக இருக்கிறது.

மார்ச் 21

வெள்ளையடித்து, பலூன் கட்டி, கடையை மறுபடி திறந்தான். நான் எதிரே அப்லா அக்காவின் சாப்பாட்டுக்கடையில், வாசலைப் பார்த்த நாற்காலியில். பாதிரியார் ஜெபித்தார். பெர்பெச்சுவா ரிப்பன் வெட்டினாள். பன்னிரண்டு பெட்டியையும் போட்டார்கள்.

பன்னிரண்டு திரையிலும் ஒரே கறுப்பு. மேலே ஒரே வெள்ளை வரி. தேடுகிறேன், தேடுகிறேன், கிடைக்கவில்லை. எதைத் தேடுகின்றன என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாதிரியார் இன்னொரு தரம் ஜெபித்தார். நான் இன்னொரு உருண்டை பாங்குக் களி வாங்கி, வெண்டைக்காய்ச் சாற்றில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 22

போன் பண்ணினான். என்ன பண்ணித் தொலைத்தாய் என்று கத்தினான். நீ கேட்டதெல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அதையே இன்னொரு தரம் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சந்தோஷத்தில்தான். பின்னே?

மார்ச் 29

ஆட்கள் என் வீட்டுக்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். சாவு அறிவிப்பு, வேலை விண்ணப்பம், எல்லாம் என் பெட்டியில்தானே. இன்று அக்பேகோ வாத்தியார் வேகாத வெயிலில் நடந்து வந்து நின்றார். அவருடைய ஆய்வேடு.

"உங்க ரெண்டு பேர் சண்டைல என் மூணு வருஷ உழைப்ப ஏம்மா மாட்டிவிட்டீங்க?"

அச்செடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவருக்கு மட்டும்தான் இந்த இரக்கம். எலிகெமுக்கு இல்லை.

ஏப்ரல் 9

திருடியாம் நான்! பன்னிரண்டு பெட்டியையும் திருகு கழற்றிப் பார்த்திருக்கிறான். உள்ளே காலி. டிஸ்க்கையெல்லாம் நான் உருவிக்கொண்டு போய்விட்டதாகப் பெரியப்பாவிடம் பிராது. மறுபடி எல்லோரும் கூடினோம்.

எதையாவது எடுத்தாயா என்று கேட்டார் கிழவர். இல்லை, அந்தப் பெட்டிகளில் டிஸ்க் என்றைக்குமே இருந்ததில்லை என்றேன்.

"அப்ப இத்தன வருஷம் எப்படி ஓடிச்சு?"

"கறுப்புப் பெட்டியிலேர்ந்து, பெரியப்பா. எல்லாமே அதுலதான் இருக்கு. இவர்கிட்ட நான் சொல்லாத நாள் இல்ல."

கிழவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கைத்தடி உருண்டு போகிற அளவுக்கு. எலிகெம் எழுந்து, அப்படியானால் அந்தப் பெட்டியும் கடையைச் சேர்ந்ததுதான், திருப்பித் தரணும் என்றான்.

"ஜின்ன சீக்கிரம் ஊத்தச் சொன்னது யாருப்பா? துணியையும் சேத்துக் குடுத்தியே."

வீடு வரை பாடிக்கொண்டே வந்தேன்.

மே 6

இன்று ஒரு பயம். லினக்ஸ் என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லையே. காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நானே அப்படி எடுத்ததுதான். பெர்பெச்சுவா அதை எங்கேயோ படித்துவிட்டாளாம். ஒரு பெட்டி வாங்கினால் போதும், நானே போட்டுப் பார்க்கிறேன் என்று அவனிடம் கெஞ்சுகிறாளாம். அப்லா அக்கா சொன்னாள். அவள் பேச்சைக் கேட்டான் என்றால் நான் தீர்ந்தேன்.

மே 9

கேட்கவில்லை! "அவ பெட்டி மாதிரியே ஒண்ண வாங்கி வச்சா ஊரே என்னப் பாத்துச் சிரிக்கும்" என்றானாம். இந்த வீம்போடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

ஜூன் 3

பெர்பெச்சுவா போய்விட்டாள். புத்திசாலி.

ஜூன் 17

கடையைக் காலி செய்கிறான். பழைய இரும்பு வாங்கும் வண்டி வந்தது. பன்னிரண்டு பெட்டியையும் திரைகளையும் அவனே தூக்கி ஏற்றினானாம், வியர்க்க வியர்க்க. வண்டிக்காரர் அப்லா அக்காவின் தம்பி, கொடுத்த காசு என்னுடையது. வண்டி சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி நேரே என் வாசலில் வந்து நின்றது.

அவன் கையாலேயே.

ஜூலை 18

என் கடை திறந்து இரண்டு வாரமாகிறது. இன்று ஏழாம் பெட்டி காலியானபோது எலிகெம் உள்ளே வந்தான். இளைத்திருக்கிறான். ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டுமாம். உட்கார் என்று கை காட்டினேன்.

பழக்கத்தில் தன் பழைய கணக்கின் பெயரையே அடித்தான். திறந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சில்லறை எண்ணுகிற மாதிரி இருந்தேன்.

என் திரையிலிருந்து எல்லாத் திரையும் தெரியும். 'பன்னிரண்டு கம்ப்யூட்டர் கொண்ட மையத்தை நானே அமைத்து நடத்தினேன்' என்று அடித்தான். அந்த நொடியே அவன் திரையைப் பூட்டினேன். கறுப்பு. அவன் என்னைப் பார்த்தான், மேசைக்கடியில் துணி போர்த்திய பெட்டியைப் பார்த்தான். பூட்டை எடுத்தேன்.

'நானே அமைத்து' என்பதை அழித்தான். 'நடத்தினேன்' மட்டும் மிச்சம்.

அப்புறம் அவன் அம்மாவின் படங்களைத் திறந்தான். ஒவ்வொன்றாக, மெதுவாக. அவன் கேட்ட நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் பூட்டவில்லை. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, காசை வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்றான். சரி என்றேன்.

அவன் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் கணக்கை அழித்தேன். இத்தனை மாதம் வராத கை, இன்று தயங்காமல் வந்தது. ஏழாம் பெட்டியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார்.