நாளை நிலைப்படியில்

முனீஸ்வரி அப்பாவுக்கு,

போனில் எது கேட்டாலும் ‘ம்’ என்று மட்டும் சொல்கிறீர்கள். அதனால் எழுதி, உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறீர்கள். கட்டிலை இன்று மூன்று தடவை இடம் மாற்றிவிட்டேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தாயிற்று. நானே தொங்கிப் பார்த்தேன். அருப்புக்கோட்டை தாண்டினால் லாரிகள் வரும், காரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

அத்தை ஆரத்தியோடு வாசலில் நிற்பார்கள். “வலது காலை எடுத்து வச்சு வாய்யா” என்பார்கள். கேட்காதீர்கள். படி ஏறும்போது நல்ல கால்தான் முதலில் என்று அங்கே பழக்கினார்களே, அதன்படி இடது காலையே வையுங்கள்.

அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். கல்யாணத்தன்று நானும் வலது காலை வைத்துத்தான் இந்த வீட்டுக்குள் வந்தேன். அது எதைத் தடுத்தது?

இப்படிக்கு,
படிக்கு உள்ளே கை நீட்டி நிற்கப்போகிறவள்