பன்னிரண்டாம் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்
வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியையாக என் முதல் வகுப்பு. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறைதான் பள்ளிக்கூடம். மெஷின் சுற்றினால் மேசையும் கூடவே ஆடுகிறது. இன்னும் பள்ளியில் இடம் கிடைக்காத ஐந்து பிள்ளைகள். பத்து வயதுக்காரி ஒருத்தி மற்ற நால்வரையும் அதட்டி உட்கார வைத்தாள். நாட்டாமை என்று பெயர் வைத்துவிட்டேன். அவர்கள் மொழி வேறு. இந்த நோட்டில் எல்லோரும் என் தமிழில்தான் பேசுவார்கள்.

நாட்டாமையின் முதல் கேள்வி: "நீங்க ஏழாவது டீச்சர். எப்பப் போவீங்க?"

"மூணு மாசம் இருப்பேன்" என்றேன், ஏதோ பெரிய தியாகம் போல. ஊரில் வேலைக்கு அவ்வளவுதான் விடுப்பு.

ஜூன் 10
நாட்டாமை கடகடவென்று வாசிக்கிறாள்! பாடப் புத்தகத்தில் ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம். அண்ணனுக்கு போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "போதும்டி, தலைக்கனம் ஏறிடப் போகுது" என்றான்.

ஜூன் 17
பதின்மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். நாட்டாமை வாயே திறக்கவில்லை. சின்னச் சொல்லாக ஒன்றைக் காட்டினேன். ம்ஹும். அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

எனக்கு முன் வந்த ஆறு டீச்சர்களும் முதல் பக்கத்தில் ஆரம்பித்து, பன்னிரண்டோடு மூட்டை கட்டியிருக்கிறார்கள். ஆறு தடவை கேட்டால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். எனக்குப் படிக்க வரும்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டு இருக்காங்க."

ஜூன் 18
நானும் மூன்று மாதக் கணக்குதானே? வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 8
புத்தகத்தை ஓரங்கட்டியாயிற்று. சோப்புப் பெட்டி, கதவில் ஒட்டிய அறிவிப்பு — கண்ணில் பட்டதெல்லாம் பாடம். வாரம் நான்கு நாள். இன்று பென்சிலை வீசியெறிந்தாள். "நான் கத்துக்கிட்டு என்ன? நீங்களும் போயிடுவீங்க!"

உண்மைதானே.

ஆகஸ்ட் 26
டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். அண்ணன் குதித்தான். "இங்க உன் வேலை உனக்காகக் காத்துட்டு இருக்குமா?" இருக்காதுதான். அடுத்த ஆள் வந்து உட்காரும்வரை நகர்வதாக இல்லை.

நவம்பர் 11
ஊர் வேலை போய்விட்டது. கடிதம் வந்தது. அழுதேன். பிறகு வகுப்புக்குப் போய், போன மாதம் மறுபடி கையிலெடுத்த புத்தகத்தில் இருபத்தெட்டாம் பக்கத்தை நடத்தினேன்.

நவம்பர் 25
எட்டாவது டீச்சர் வந்துவிட்டாள். நல்ல பெண், கொஞ்சம் படபடப்பு. வந்ததும் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். நாட்டாமை அவள் கையை நகர்த்தினாள்.

"அது முடிஞ்சுது டீச்சர். நாங்க முப்பத்தொண்ணுல இருக்கோம்."

பக்கத்தைத் தானே திருப்பி, விரலை ஊன்றி வாசித்தாள். ஒரு வரிக்கு மூன்று இடத்தில் தடுமாறினாள். ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, திரும்பி வந்து சரிசெய்தாள்.

மனப்பாடம் செய்தவர்கள் அப்படித் தடுமாற மாட்டார்கள்.