பதினோராவது ஸ்க்ரூ

வாலு,

உடம்பைப் பொறுத்தவரை அம்மாவும் நானும் நலம். மனசைப் பற்றிப் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் சொல்ல முடியும். உனக்கு அந்த இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசாமல் அப்பா காகிதத்தில் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே. உள்ளே அம்மாவுக்கு லேப்டாப்பில் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. அறைக்குள் யாரும் வரக் கூடாது, வேறு குரல் கேட்டால்கூடப் பரீட்சை செல்லாது என்று போட்டிருக்கிறார்கள். அதனால் நான் போனை அணைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே மாடிப்படியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறேன். மணி பத்தேகால். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

உன்னிடம் நாங்கள் மறைத்த விஷயம் இது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி எண்ணிக் கட்டும் பிரிவில் அம்மா பத்தொன்பது வருஷமாக உதவியாளராகவே இருக்கிறாள் அல்லவா, அதே பிரிவில் டெக்னீஷியன் ஆவதற்கான பரீட்சை இது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. பாஸானால் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, ரயிலில் ஆறு மணி நேரத் தூரம். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்றே எட்டு மாதம் ஓட்டினேன். அவள் அடுப்பில் ஒரு கண்ணும் புத்தகத்தில் ஒரு கண்ணுமாகப் படித்தாள்.

பரீட்சைக்கு நீ விட்டுப்போன பழைய லேப்டாப்தான். அம்மா அதற்கு ஆமை என்று பேர் வைத்திருக்கிறாள். போன வாரம் மாதிரிப் பரீட்சையில் பதினாலாவது கேள்வியில் அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ரிப்பேர் கடைக்காரம்மா பார்த்துவிட்டு, இதில் நாலு ஜிபி மெமரிதான் இருக்கிறது, பரீட்சைக்காரர்கள் எட்டு கேட்கிறார்கள், காலியாக இன்னொரு இடம் இருக்கிறது, அதில் ஒரு மெமரிப் பட்டையைச் சொருகினால் போதும் என்றார். கடையில் விட்டால் மூன்று நாள் ஆகுமாம். நான் சும்மா இருந்திருக்கலாம். நாற்பது வருஷமாகத் துணி தைத்து, தையல் மெஷினைத் தானே பிரித்து மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று பட்டையை மட்டும் வாங்கி வந்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது பிரித்தேன். பிரிக்கும் முன் ஸ்க்ரூவை எண்ணச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், எண்ணினேன், பதினொன்று. கடைக்காரம்மா சொன்னபடி பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பட்டையைச் சொருகினால் இறுக்கமாக இருந்தது. இறுக்கமாக இருக்கும் எதற்கும் எங்கள் தொழிலில் ஒரே வைத்தியம்தான். கை அதுபாட்டுக்கு எண்ணெய் டப்பாவை எடுத்து, அந்தப் பள்ளத்தில் இரண்டு சொட்டு விட்டு, பட்டையின் தங்க நிறப் பல் வரிசையையும் நான் இடுப்பில் செருகியிருந்த, எண்ணெயும் பஞ்சும் ஒட்டிய துணியால் துடைத்துவிட்டது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆன் செய்தால் விசிறி ஓடுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது, திரை மட்டும் கறுப்பு. பழைய பட்டையை மட்டும் போட்டுப் பார்த்தேன், அதையும் அதே துணியால் துடைத்துத் தொலைத்திருந்தேன், அதுவும் கறுப்பு.

இப்போது எழுதப்போவதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவள் எங்கேயும் போக மாட்டாள் என்று. அடுத்த நிமிஷமே வெட்கமாகிவிட்டது, ஆனாலும் அந்த நிமிஷம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் வந்தவள் எண்ணெய் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. 'நான் பாஸாகக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணீங்களா?' என்று மட்டும் கேட்டாள். சத்தியமாக இல்லை என்று நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார். அதற்கு அப்புறம் என்னோடு பேச்சே இல்லை. எண்ணெய் டப்பாவைக் கொண்டுபோய் வெளியே செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கையைக் கழுவி உறை போட்டு, ஸ்பிரிட்டும் நூல் உதிராத துணியும் எடுத்து, ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலின் பல்லைத் துடைப்பாளே அதே மாதிரி அந்தப் பள்ளத்தையும் இரண்டு பட்டைகளையும் துடைத்தாள். காய விட்டாள், மறுபடி துடைத்தாள். பிறகு பட்டைகளைச் சாய்வாக வைத்து அழுத்தினாள், 'டிக்' என்று உட்கார்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது, எட்டு ஜிபி என்றும் காட்டியது. நான் மத்தியானம் முழுக்கத் திணறிய அதே வேலை, அவள் கையில் கால் மணி நேரம்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ராத்திரி திறந்தே காய விட்டிருந்ததைக் காலையில் மூடப்போனால் ஸ்க்ரூ பத்துதான் இருக்கிறது. அம்மா வேலையில், கருவிகளின் எண்ணிக்கை சரியாகாமல் ஆபரேஷன் செய்த இடத்தை மூடவே விட மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில், துடைப்பத்தில், என் சட்டை மடிப்பில், எங்கும் இல்லை. உள்ளே விழுந்து எதிலாவது பட்டால் ஷார்ட் ஆகி ஒரேயடியாகப் போய்விடும் என்றார் போனில் கடைக்காரம்மா. உலுக்கிப் பார்த்தோம், சத்தம் வரவில்லை. ஆனால் எங்காவது சிக்கியிருந்தால்? மணி ஒன்பதேமுக்கால். பத்து ஸ்க்ரூவோடு மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள். எந்த நிமிஷமும் அணைந்துவிடலாம் என்று தெரிந்துகொண்டுதான் அங்கே ஒவ்வொரு கேள்வியாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மணி பத்து ஐம்பது. வாலு, கிடைத்துவிட்டது! ஆத்திரத்தில் அந்தப் பாழாய்ப்போன எண்ணெய் டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட எடுத்தேன். மெஷின் உடம்பில் ஒட்டி நிற்கட்டும் என்று அதன் அடியில் ஒரு காந்தம் வைத்திருக்கிறேன் அல்லவா, அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கடுகளவு ஸ்க்ரூ. நேற்று மேஜையில் டப்பாவை வைத்தபோது பிடித்திருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, ஆமைக்கு ஒன்றும் ஆகாது. இது எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியாது. கதவைத் தட்ட முடியாது, கூப்பிட முடியாது. ஸ்க்ரூவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேல் வீட்டில் யாரோ டிரில் போட ஆரம்பித்தார்கள், ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டு வந்தேன்.

பரீட்சை முடிந்தது. மீதியை மத்தியானம் எழுதுகிறேன். பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு திறந்தது. கையை விரித்துக் காட்டினேன். ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், ஆமையைக் கவிழ்த்து, ஸ்க்ரூடிரைவரை என்னிடமிருந்து வாங்கித் தானே முடுக்கினாள். 'பதினொண்ணு' என்றாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதாள். எல்லாக் கேள்வியும் எழுதிவிட்டாளாம், நன்றாகவே எழுதினாளாம், முடிவு வர மூன்று வாரமாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு நிமிஷ நிம்மதியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 'தெரியும்' என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'அங்கயும் துணி தைப்பாங்கல்ல?' என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. என்னையும் கூட வரச் சொல்கிறாள் என்று விளங்கியதும் வேகவேகமாகத் தலையை ஆட்டினேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. அம்மாவிடம் பரீட்சையைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவளே சொல்லட்டும். உன் லேப்டாப்பை என்றைக்காவது திறந்தால் ஸ்க்ரூவை எண்ணி வை, எண்ணெய் மட்டும் விடாதே.

இப்படிக்கு,
மூட்டை கட்டப் பழகிக்கொண்டிருக்கும் உன் அப்பா