காலியாகக் கிடந்த தலைக்கட்டு

1994, மார்ச் 3, வியாழன்

வெயில் இப்போதே சுள்ளென்று. ஆற்றில் கணுக்கால் தண்ணீர். பேனா கசிந்து சட்டைப்பை நீலம்.

இன்று: நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும். ரேடியோவுக்கு பேட்டரி. அப்பாவுக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை, மிச்சம் குறைவு.

நேற்று செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். தங்கைக்குப் பையனைப் பிடித்திருக்கிறது, வெட்கத்தை மறைக்கக் கோபமாக இருந்தாள். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும்வரை.

"உங்களுக்குச் சாஸ்தா எது?"

அம்மா: "சொரிமுத்தையனாருக்குப் போவோம்."

"அங்கன சாஸ்தா தெரியாதவங்கல்லா போவாங்க. உங்களுக்கு எதுன்னு கேக்கேன்."

அப்பா செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மடித்தார்.

இந்த ஜில்லாவில் ஜாதகம் இடித்தால் பரிகாரம் உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் குலசாமியாக எந்தச் சாஸ்தாவிடம் போவது என்று தெரியாத வீட்டுக்குப் பரிகாரம் இல்லை. எங்கிருந்தோ வந்தவர்கள், அவ்வளவுதான். உத்திரத்துக்குள் கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மரியாதையாகத்தான்.

அப்பாவிடம் கேட்டேன். "தெரியாது. ஒங்க தாத்தா சொன்னதில்ல. விட்டுரு." பிறகு அடுக்களையிலிருந்து மறுபடி: "விட்டுரு."

செல்வி இரவு சாப்பிடவில்லை.

மார்ச் 7, திங்கள்

இரண்டு வருடமாக என் ஆய்வு, ஆற்றோர ஊர்களின் மக்கள்தொகைக் கணக்கு. பழைய தொகுதிகளின் தூசியில் தும்மித் தும்மிப் படித்தது. ஆனால் சொந்த வீட்டைத் தேட அவை உதவாது. கணக்கெடுத்த தாள்களைக் கூட்டி முடித்ததும் அழித்துவிடுவார்கள். ஆட்கள் போய் எண்கள் தங்கும். என் தாத்தா ஏதோ ஒரு கூட்டுத்தொகையில் ஒன்று.

ஒரே விதிவிலக்கு ஐம்பத்தொன்றாம் வருடக் கணக்கு. அப்போது வீடுவீடாகப் பெயர்களைப் பதிவேட்டில் பெயர்த்து எழுதி வைத்தார்கள். சில இடங்களில் செல்லரிப்புக்குத் தப்பிக் கிடக்கிறது. பேராசிரியரின் கடிதத்துடன் ஆவண அறைக்குப் போனேன். கட்டுகளுக்கு நடுவே அண்ணாச்சி ஒருவர், காதில் பஞ்சு.

"செத்தவங்களத் தேடி வாற மொத ஆளு நீருதான்வே. மத்தவன்லாம் நெலத்தத் தேடித்தான் வாறான்."

"தாத்தா பேரு இருக்கான்னு பாக்கணும்."

"இருந்தா என்ன தருவாராம்?"

சிரித்தார். எங்கள் வண்ணார்பேட்டைப் பதிவேட்டுக் கட்டை அவரே இறக்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் கிடைத்தது. மாடசாமி, தகப்பனார் பேச்சிமுத்து. பிறந்த ஊர்: முள்ளிவிளை, ராதாபுரம்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக வண்ணார்பேட்டை என்றுதான் அப்பா சொல்வார். தாத்தாவும் அப்படியே சொல்வாராம். யாரிடமும் சொல்லாத ஊரைக் கணக்கெடுக்க வந்தவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சர்க்காரிடம் பொய் சொல்லப் பயந்திருப்பார்.

ஒருவர் எதைக் கண்டு அதிகம் பயந்தார் என்பதை அந்த வரியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மார்ச் 9, புதன்

முள்ளிவிளை அச்சுத் தொகுதிகளில் இருக்கிறது. எல்லாப் பத்தாண்டிலும் ஒற்றை வரி. பரப்பு, வீடுகள், ஆண், பெண். செம்மணல் தேரி ஓரம். வேறொன்றும் இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. செல்வியிடம் மட்டும். "போய்ட்டு வாண்ணே" என்றாள். பஸ்ஸுக்குப் பணமும் அவளே.

மார்ச் 13, ஞாயிறு

ராதாபுரம் போய் இன்னொரு பஸ். பிறகு நடை. உடைமரம், பனை, அதற்கப்பால் தேரி. சிவப்பு மணல், மேடு மேடாக, கண்ணுக்கெட்டியவரை. ஒரு காகம்கூட இல்லை. செருப்பு போட்டும் உள்ளங்கால் சுட்டது.

ஊர் முகப்பில் உரக்கடை. கடைக்காரர் முத்தையா அண்ணாச்சி, ஐம்பது வயதிருக்கும், கலகலப்பானவர். கோயில் நிர்வாகமும் அவர்தான்.

"என்ன கணக்கு எடுக்க வந்திய? போன தடவ வந்தவன் எங்க வீட்டு ஆட்டையும் எழுதிட்டுப் போனான். பேரு மட்டும் கேக்கல."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும். பூட்டன் பேரைச் சொன்னேன். பேச்சிமுத்து.

ஒருவர் பீடியை அணைத்தார்.

"பேச்சிமுத்துக்கு நீங்க?"

"அவரு மகன் வழிப் பேரனோட மகன்."

"எங்கன இருக்கீய?"

சொன்னேன். முத்தையா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரம். கோயிலுக்குக் கூட்டிப் போனார். தகரக் கூரை, சாஸ்தா, இரு பக்கமும் தேவியர். வெளியே தேரியைப் பார்த்துத் தனியாக ஒரு மாடன் பீடம், சுண்ணாம்பும் காவியும்.

"ஒங்க தலைக்கட்டு காலியாவே கெடக்கு தம்பி. வருசாவருசம் அந்தப் பேருக்கு ஒரு தேங்கா ஒடச்சு வச்சிட்டுத்தான் நாங்க பந்தியில ஒக்காருவோம். வீட்ல ஆம்பள எத்தன?"

"அப்பா, நான்."

"ரெண்டு." விரலை மடக்கினார். "அப்பா தலைச்சன் பிள்ளையா?"

"ஆமா."

"நீங்க?"

"நானும்."

கோயில் வரி கட்டினேன். கோயிலுக்குரிய குடும்பங்களின் தலைக்கட்டு வரிசையில் அப்பா பெயரை எழுதினார்கள். கீழே என்னுடையது. விலாசம் கேட்டார்கள், தெருப் பெயரோடு கொடுத்தேன். விபூதி பூசிவிட்டார்கள். மனம் நிறைந்திருந்தது, மறைப்பானேன். இத்தனை நாள் நான் எண்களைப் படித்தவன். இன்று ஒரு வரிசையில் எனக்கு இடம்.

திரும்பும்போது ஒன்றைக் கவனித்தேன். பஸ் நிறுத்தம்வரை எட்டுப் பத்துப் பேர் கூடவே வந்தார்கள். யாரும் எனக்கு முன்னால் நடக்கவில்லை.

மார்ச் 14, திங்கள்

அம்மாவுக்கு ஆனந்தம். காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். உத்திரத்துக்கு அவர்களும் முள்ளிவிளைக்கு வருகிறார்களாம். செல்வி பாட்டு முணுமுணுக்கிறாள்.

அப்பா ஒரே ஒரு கேள்வி. "விலாசம் குடுத்தியா?"

"குடுத்தேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். மத்தியானம்தான் வந்தார். சாப்பிடவில்லை.

ஆய்வேடு: ஒரு வரிகூட இல்லை.

மார்ச் 18, வெள்ளி

பக்கத்துத் தெரு அம்மனுக்குக் கொடைத் திருவிழா. காலையிலிருந்து ஒலிபெருக்கி, வில்லுப்பாட்டு. மத்தியானம் மேளம்.

கொடை நடக்கும்போது அப்பா ஊரில் இருக்கமாட்டார். கோவில்பட்டியில் வேலை என்பார். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். அவரைப் பகுத்தறிவுக்காரர் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன். கல்லூரியில் நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இன்று போகவில்லை. "இனி போயி என்ன" என்றார்.

நாற்காலியில் இருந்தார். மேளம் நெருங்கியது. அவருடைய இடது பாதம் தரையில் துள்ள ஆரம்பித்தது. தாளத்துக்கு அல்ல, தாளத்துக்குச் சற்று முன்னால். முகத்தில் ஒன்றுமில்லை, செய்தித்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் காலால் அந்தப் பாதத்தை மிதித்துக்கொண்டாள். முழு பாரத்தையும் போட்டு. மேளம் தெருவைக் கடந்து போகும்வரை இருவரும் அப்படியே. பழக்கப்பட்ட வேலை மாதிரி.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 20, ஞாயிறு

முத்தையா அண்ணாச்சி வந்தார். கூட இருவர். வாழைத்தார், ஒரு கட்டுக் கரும்பு, கருப்பட்டி. கல்யாண வீடு போல. செல்வி ஓடி ஓடி மோர் கொடுத்தாள்.

அப்பாவைப் பார்த்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்து யாரும் எழுந்து நான் கண்டதில்லை.

"மூஞ்சி அப்படியே இருக்கு" என்றார் ஒருவர். எந்த மூஞ்சி என்று சொல்லவில்லை.

விஷயம் பைய வந்தது. அந்தக் கோயிலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொறுப்பு. ஒரு வீட்டுக்கு விளக்கு, ஒரு வீட்டுக்குப் பொங்கல் பானை. எங்கள் வீட்டுக்குக் கோமரம். சாமியாடும் பொறுப்பு. தலைச்சன் பிள்ளைக்குத்தான் அது இறங்கும். உத்திரத்தன்று உச்சிவெயிலில் மாடன் பீடத்திலிருந்து புறப்பட்டு, வெறுங்காலோடு தேரியைக் குறுக்கே கடந்து, அக்கரைப் பீடத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். தண்ணீர் கூடாது. நிழலில் நிற்கக் கூடாது. கூட யாரும் போகக் கூடாது.

"அப்பாவுக்கு இருதயக் கோளாறு" என்றேன். "வெயில்ல நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதுக்கென்ன, தம்பி நடக்கட்டும். தலைச்சன்தான."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வரலேன்னா?"

முத்தையா சிரித்த முகமாகவே சொன்னார்: "நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம் தம்பி. நாங்க யாரு? இத்தன வருசம் ஒங்களத் தேடி வந்தமா? நீங்களா வந்திய, நீங்களா பேரக் குடுத்திய. இனி அது பாடு, ஒங்க பாடு."

போகும்போது மோர் நன்றாயிருந்தது என்று செல்வியிடம் சொன்னார்கள்.

மார்ச் 21, திங்கள்

அப்பா பேசினார். படித்துறையில், துணி துவைக்கிறவர்கள் போன பிறகு.

அவருக்கு எல்லாம் தெரியும். தாத்தா சாகும்முன் சொன்னதாம். பேச்சிமுத்துவின் அப்பா தேரியில் விழுந்து செத்தார். அடுத்து பேச்சிமுத்துவின் அண்ணன். இருவரையும் மறுநாள்தான் எடுத்தார்கள், உச்சிவெயிலில் போனவனைத் தேடி அன்று யாரும் உள்ளே போகக் கூடாது என்பதால். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அடுத்தது பேச்சிமுத்துவின் தலைச்சன், அதாவது தாத்தா, சின்னப் பையன். பேச்சிமுத்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தார். ஆறு வந்ததும் நின்றார்.

"சாஸ்தா எதுன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான் எங்க அப்பா எனக்கு வச்சிட்டுப் போன சொத்து."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா தெரிஞ்சிருமே."



மார்ச் 24, வியாழன்

வழிகள் என்று ஒரு தாளில் எழுதினேன். போலீஸ் (எதைச் சொல்ல? வாழைத்தார் கொண்டுவந்தார்கள் என்றா?). சென்னையில் சித்தப்பா வீடு. கல்யாணத்தை நிறுத்துவது. கிழித்துவிட்டேன்.

செல்வியே சொன்னாள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று. அப்பா கேட்கவில்லை. "ஒனக்காவ இல்ல தாயி. இப்ப அது ஒன் கல்யாணத்தத் தாண்டிட்டு."

நான் நடக்கிறேன் என்றேன். உண்மையாகவே. முதல்முறையாக அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை.

"நீ நடந்தா ஒனக்குப் பெறவு ஒம் மவன். நான் நடந்து கேட்டா முடிச்சு வைக்கலாம்னு முத்தையா அன்னைக்குப் போவும்போது எங்கிட்டச் சொன்னான். பேர அடிச்சிருவாங்களாம்."

"நம்புதீயளா அவன?"

"வேற யார நம்பச் சொல்லுத?"

அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறது. வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. விரதம் தொடங்கிவிட்டார், ஒரு நேரம் மட்டும். மாத்திரையைத் தொடவில்லை.

நான் நம்பாதவன். மணல், வெப்பம், இருதயத் தசை, நீரிழப்பு: இவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். இவ்வளவே போதும் என்றும் தெரியும்.

மார்ச் 26, சனி

காலையில் எழுந்தபோது அப்பா இல்லை. முதல் பஸ். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு. என்னை வீட்டில் பூட்டி வைக்கச் சொன்னாராம். அம்மா பூட்டை எடுத்து வைத்திருக்கிறாள், போடவில்லை. இன்று எந்த பஸ்ஸிலும் ஏற முடியவில்லை, நாளை முதல் பஸ்.

தினசரியில்: நாளை வெயில் கூடும்.

மார்ச் 27, ஞாயிறு

பஸ். எழுத்து ஆடுகிறது. உத்திரக் கூட்டம், கூரைமேலும் ஆட்கள். ராதாபுரத்திலேயே நேரம் போய்விட்டது. சட்டைப்பையில் மாத்திரை. பையில் தண்ணீர்.

என் திட்டம்: புறப்படும்முன் பிடித்துவிடுவது. முடியாவிட்டால் பின்னால் ஓடுவது. கூட யாரும் போகக் கூடாதாம், போவேன்.

பக்கத்து இருக்கையில் பனங்கிழங்கு மூட்டையோடு ஒருத்தி. "என்னய்யா ஓயாம எழுதுதீய, கணக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள், ஆட்கள். மேளம் கேட்கிறது. முள்ளிவிளைக்கு இன்னும் தூரம். இடப்பக்கம் தேரி.

மணல் நடுவில் ஒருவர். மஞ்சள் வேட்டி, மேலுக்கு ஒன்றுமில்லை. வேகமாக, மிக வேகமாக, அப்பா அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. இடது கால் முதலில்.

பஸ்ஸில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கண்டக்டரும். ஜன்னல் பக்கம் சாய்ந்து கும்பிடுகிறார்கள். இறங்கப் பார்க்கிறேன், வழி இல்லை, யாரும் நகரவில்லை.

"சாமி போவுது, ஒக்காருங்கய்யா" என்றாள் அவள்.

"அது எங்க அப்பா."

திரும்பி என்னைப் பார்த்தாள். முகம், பிறகு கால்கள். மூட்டையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள்.